ஒதுக்கீடு ரத்து

நந்தனத்தில் அண்ணா சாலை மேல் எம்.எச்.யு. வளாகம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. எல்காட் என்று நாம் சுருக்கிச் சொல்லும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான். 1977-இல் தொடங்கிய இந்த அரசு நிறுவனம் வாங்கிக் கொடுத்துத்தான் தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளியிலிருந்து ஒரு மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு அது மாணவரின் கணினியாக இருப்பது நின்று, குடும்பத்தின் கணினியாகிவிட்டது. அக்காவின் கல்யாணப் படங்கள், தம்பியின் பயோடேட்டா, சித்தப்பா கொடுத்துவைத்த வீட்டுப் பத்திர ஸ்கேன், இறந்துபோன பாட்டி பேசிய ஒரே வீடியோ, எல்லாம் அதற்குள் போயின. வேறு பிரதி எடுத்துவைக்கும் வழக்கமோ வசதியோ பெரும்பாலான வீடுகளில் இல்லை. அங்கே ஒரு விரல் தவறி டெலிட் பட்டனில் பட்டால் என்ன ஆகிறது என்பது சின்ன விஷயமே அல்ல.

அந்தக் கணினிகளுக்குள் சுழன்றது ஹார்ட் டிஸ்க். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட புதிய மடிக்கணினிகளில் அது கிடையாது. 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திரையில் வரும் குப்பைத் தொட்டிப் படமும் ஒன்றுதான். ஆனால் அழித்த கோப்பு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு இரண்டும் கிட்டத்தட்ட நேரெதிரான பதில் வைத்திருக்கின்றன. நம் வீடுகளில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராத இந்த வித்தியாசத்தைத்தான் இந்த அத்தியாயம் பேசப்போகிறது.

முதலில் எளிய கட்டத்தைக் கடந்துவிடுவோம். விண்டோஸில் டெலிட் அழுத்தினால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. 1995 முதல் இருக்கும் ஏற்பாடு இது. அங்கே கோப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. பெயர் மாறி, மறைந்திருக்கும் ஒரு கோப்புறைக்குள் உட்கார்ந்திருக்கும். திறந்து 'ரீஸ்டோர்' கொடுத்தால் வந்துவிடும். ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தி அழித்தவை, பென் டிரைவிலிருந்தோ கேமரா கார்டிலிருந்தோ அழித்தவை, தொட்டி கொள்ளாத அளவுக்குப் பெரிய கோப்புகள், இவை அந்தத் தொட்டிக்கு வருவதே இல்லை. தொட்டியையே காலி செய்தாலும் கதை அதுதான். நமக்கு வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நந்தனத்தில் பல்லாண்டுகள் தலைமை அலுவலகம் வைத்திருந்த வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு யாருக்கு என்பது அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. ஒருவரின் ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டுமென்றால் எழுத்தர் பதிவேட்டில் ஒரு கோடு போடுகிறார். அந்த நிமிடமே அந்த வீடு காலி என்று கணக்காகிவிடுகிறது. ஆனால் வீட்டுக்குள் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அடுத்த ஒதுக்கீட்டுக்காரர் வந்து சாமான்களை வெளியே போட்டுத் தன்னுடையதை வைக்கும்வரை இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் கோப்பு அழிவதும் இந்த ரத்துதான்.

டிஸ்க்கின் இடம் முழுவதும் கொத்துகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸில் ஒரு கொத்து பெரும்பாலும் 4096 பைட். 3 மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படத்துக்கு 768 கொத்துகள் வேண்டும். அந்த 768-உம் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. எங்கெங்கே காலியோ அங்கங்கே துண்டு துண்டாகவும் இருக்கும். எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எங்கே என்ற கணக்கு டிஸ்க்கிலேயே தனியாக ஓர் இடத்தில் எழுதிவைக்கப்படுகிறது. அழி என்றால் கணினி அந்தக் கணக்கை மட்டும் மாற்றுகிறது. 768 கொத்துகளையும் தேடிப்போய்த் துடைப்பதென்றால் நேரம் பிடிக்கும். யாரும் அதைக் கேட்கவும் இல்லை. வேகத்துக்காக எடுக்கப்பட்ட இந்த முடிவுதான் கோப்பு மீட்பு என்ற துறையையே உண்டாக்கியது.

கணக்கை எப்படி மாற்றுகிறது என்பதில்தான் சுவாரசியம். மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் 1977-இல் உருவாக்கிய ஃபேட் என்ற முறையை எடுத்துக்கொள்வோம். பென் டிரைவ்களும் கேமரா கார்டுகளும் இன்றும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் அளவில் ஒரு பதிவு உண்டு. பெயர், அளவு, முதல் கொத்தின் எண் முதலியவை அதில் இருக்கும். கோப்பை அழித்தால், பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படுகிறது. பெயரின் மீதி எழுத்துகள், அளவு, தொடக்க இடம் எல்லாம் தப்பிவிடும். 1982-இல் பீட்டர் நார்ட்டன் விற்கத் தொடங்கிய மென்பொருள் தொகுப்பு பெயர் பெற்றதே அதிலிருந்த மீட்புக் கருவியால்தான். 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0-இல் மைக்ரோசாஃப்ட்டே அப்படி ஒரு கட்டளையைச் சேர்த்தது. கோப்பை மீட்கும்போது, பெயரின் முதல் எழுத்து என்ன என்று அது பயனரிடம் கேட்கும். பெயரில் கணினி மறந்தது அந்த ஓர் எழுத்தைத்தான்.

கணினி இன்னொன்றையும் மறந்திருக்கும்: முதல் கொத்துக்கு அடுத்தது எது, அதற்கடுத்தது எது என்ற சங்கிலி. அது மொத்தமாகத் துடைக்கப்பட்டுவிடும். அதனால் மீட்புக் கருவி ஓர் ஊகத்தில் இறங்குகிறது: கோப்பு துண்டாகாமல் வரிசையாக இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, தொடக்க இடத்திலிருந்து அளவு முடியும்வரை படிக்கிறது. கேமரா கார்டில் இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன அல்லவா. பல வருடம் புழங்கிய பென் டிரைவில் பாதிப் படம் கல்யாண மேடையாகவும் மறுபாதி சாம்பல் பட்டையாகவும் வருவதற்குக் காரணம் இந்த ஊகம் பொய்த்துப்போவதுதான்.

இந்த வரிசையின் மதிப்பை உலகம் பார்த்தது ஒரு பெரும் துயரத்தின் முடிவில். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் தரைக்குத் திரும்பும் வழியில் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். டெக்சாஸில் கிடைத்த சிதைவுகளுக்கிடையே, செனான் வாயுவின் பாகுத்தன்மையை அளந்த ஒரு சோதனையின் 400 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. வெளிப்புறம் உருகிக் கருகியிருந்தது. மீட்புப் பொறியாளர்கள் உள்ளிருந்த தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு பெட்டியில் பொருத்திப் படித்தார்கள்; ஏறத்தாழ 99 சதவீதத் தகவல் வந்தது. அந்தக் கணினி ஓடியது டாஸில். டாஸ் தகவலைச் சிதறவிடாமல் சேர்த்தே எழுதியிருந்தது, தட்டில் பழுதான பகுதிகளும் பெரும்பாலும் காலியிடங்களாகவே அமைந்தன. சோதனையின் முடிவுகள் 2008-இல் ஆய்விதழில் வெளியாயின. விண்ணில் அளந்த அளவுகள் வீணாகவில்லை.

வீட்டு விண்டோஸுக்குத் திரும்புவோம். அதன் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது என்டிஎஃப்எஸ் முறை. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் 1024 பைட் பதிவு. அழிக்கும்போது அந்தப் பதிவில் 'பயன்பாட்டில் உள்ளது' என்ற ஒரே ஒரு பிட் அணைகிறது; கொத்துகள் காலி என்று இன்னொரு வரைபடத்தில் குறிக்கப்படுகிறது. துண்டுகள் எங்கெங்கே என்ற கணக்கு பதிவுக்குள் அப்படியே இருப்பதால், உடனே தேடினால் பெயரோடும் தேதியோடும் முழுக் கோப்பும் கிடைக்கும். ஆனால் புதுக் கோப்பு ஒன்று பிறந்தால் என்டிஎஃப்எஸ் முதலில் கிடைக்கும் காலிப் பதிவையே எடுத்துக்கொள்ளும். அதனால் பெயரும் கணக்கும் முதலில் போகும். உள்ளடக்கம் வேறெங்கோ அநாதையாக இன்னும் கொஞ்ச காலம் கிடக்கும்.

'உடனே' என்று சொன்னேன். நீங்கள் எதையும் சேமிக்காமல் சும்மா இருந்தாலும் விண்டோஸ் சும்மா இருப்பதில்லை. பிரவுசர் தற்காலிகக் கோப்புகளை எழுதுகிறது, அப்டேட் இறங்குகிறது, நினைவகம் நிரம்பினால் அதன் ஒரு பகுதி டிஸ்க்குக்கு வருகிறது, வாரம் ஒருமுறை துண்டுகளை ஒழுங்குபடுத்தும் வேலை தானாக ஓடிக் காலியிடங்களில் புதிதாக எழுதுகிறது. பதறிப்போய் இணையத்திலிருந்து மீட்பு மென்பொருளை இறக்கினால், அது அமர்வது நீங்கள் தேடும் படத்தின் மேலேயே இருக்கலாம். தவறு நடந்தது தெரிந்ததும் கணினியை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. அழிந்தது விண்டோஸ் இருக்கும் அதே டிரைவிலிருந்து என்றால், வழக்கமான முறையில் மூடுவதைவிட மின்சாரத்தைத் துண்டிப்பதே மேல் என்பது என் கருத்து. மூடும் வேளையில் விண்டோஸ் நிறைய எழுதுகிறது.

எல்காட் கொடுத்த கணினிகளில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரம் இதற்கு இருந்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. சிடாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான, டெபியன் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளம் அது. கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். அதற்கென டிஸ்க்கில் தனிப் பிரிவு இருந்தது. விண்டோஸ் பிரிவில் ஒரு படத்தை அழித்துவிட்டீர்கள் என்றால் விண்டோஸை எழுப்பாமல் பாஸுக்குள் போய், அங்கிருந்து விண்டோஸ் பிரிவைப் படிக்க மட்டும் செய்யலாம். பிரெஞ்சுக்காரர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இலவசக் கருவிகள் டெபியன் குடும்பத்தில் ஒரே பொதியாகக் கிடைக்கின்றன. அவை லினக்ஸ் பிரிவில் உட்காரும். மீட்டதை ஒரு பென் டிரைவில் இறக்கலாம். விண்டோஸ் பிரிவில் ஒரு பைட் கூட மாறாது. பணம் வாங்கும் மீட்புக் கடை செய்யும் முதல் காரியமும் இதுதான். அது ஒவ்வொரு மாணவரின் பையிலும் இருந்தது. மடிக்கணினியோடு தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை வீட்டுப் படங்கள் பிழைத்திருக்கும்! இன்றைய கணினியிலும் ஏதாவது ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்கினால் இதே வசதி கிடைக்கும்.

தலைகீழான ஒரு விஷயமும் உண்டு. கோப்பை பாஸ் பக்கம் வைத்து, பாஸ் பக்கமே அழித்திருந்தால் மீட்பது கடினம். லினக்ஸின் எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 முறைகள் அழிக்கும்போது கொத்துகளின் முகவரிகளைப் பூஜ்யமாக்கிவிடுகின்றன. டிஸ்க்கில் அந்த முறைகள் வைத்திருக்கும் அன்றாடக் குறிப்பேட்டில் பழைய பிரதி எஞ்சியிருந்தால்தான் உண்டு.

மீட்க வேண்டிய டிஸ்க்கில் எதையும் எழுதிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை தடய அறிவியலில் விதியாகவே இருக்கிறது. மயிலாப்பூர் காமராசர் சாலையில் இயங்கும் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர், 1849-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வேதியியல் ஆய்வாளர் கூடத்தில் இருக்கிறது. இத்துறையில் பிடிபட்ட டிஸ்க்கை யாரும் நேரடியாகத் திறப்பதில்லை. எழுதுவதைத் தடுக்கும் ஒரு கருவி வழியாக இணைத்து, காலியிடத்தையும் சேர்த்து முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்வரை நகல் எடுத்து, நகலில்தான் வேலை செய்கிறார்கள். மூலமும் நகலும் ஒன்றே என்று காட்ட ஹேஷ் என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ்ப் படிவம் அந்த எண்ணைக் கேட்கிறது. வீட்டிலும் இயன்றால் இப்படிச் செய்யலாம். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறதென்றால் அதை மறுபடி ஓட்டவே கூடாது.

கணக்கு முழுவதும் போன பிறகு அநாதைக் கொத்துகளை எப்படி அடையாளம் காண்பது? ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தலையில் ஒரு முத்திரை இருக்கிறது. ஜேபெக் படம் 255, 216, 255 என்ற எண்களோடு தொடங்கும். வேர்டின் இன்றைய டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அது 80, 75 என்று தொடங்கும். ஜிப்பை வடிவமைத்த ஃபில் காட்ஸின் பெயரின் முதல் எழுத்துகள் அவை. ஃபோட்டோரெக் போன்ற கருவி டிஸ்க்கைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போகிறது. முத்திரை கண்ட இடத்திலிருந்து வெட்டி எடுக்கிறது. பெயர் போயிருக்கும், தேதி போயிருக்கும், ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களோடு குவியும். உட்கார்ந்து பார்த்துப் பொறுக்க வேண்டும்.

வெறும் எழுத்துக் கோப்புக்கு முத்திரை கிடையாது. நோட்பேடில் தட்டிவைத்த கவிதைக்கும் குடும்பக் கணக்குக்கும் தலையும் இல்லை வாலும் இல்லை. ஆனால் அது தமிழில் இருந்தால் நமக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது.

யூனிகோட் தமிழ், யுடிஎஃப்-8 முறையில் டிஸ்க்கில் எழுதப்படும்போது ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று சொல்கிறது. 'நந்தனம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ந, மறுபடி ந, அதன் மேல் புள்ளி, த, ன, ம, அதன் மேல் புள்ளி: ஏழு குறிகள், 21 பைட். ந என்பது 224, 174, 168, புள்ளி என்பது 224, 175, 141, த என்பது 224, 174, 164, இப்படியே போகும். மூன்று பைட்டுக்கு ஒருமுறை 224, அதன் பின்னால் 174 அல்லது 175 என்று தாளம் தப்பாமல் பல நூறு பைட் நீளத்துக்கு ஓர் இடத்தில் வந்தால் அங்கே இருப்பது தமிழ்தான். ஒரு படத்துக்குள்ளோ பாட்டுக்குள்ளோ தற்செயலாக அப்படி அமையாது. டிஸ்க்கின் பைட்டுகளை நேரடியாகக் காட்டும் எந்தக் கருவியிலும் இந்தத் தாளத்தைத் தேடலாம். எழுதியவருக்கு ஒரு சொல் நினைவிருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கவிதையில் 'நந்தனம்' வருமென்றால் 21 பைட்டைத் தேடச் சொல்லலாம். கோப்பு முறை மறந்துவிட்ட ஒரு கவிதையை அதில் வரும் ஊர்ப் பெயர் காட்டிக்கொடுக்கும்.

பழைய எழுத்துருக்களில் தட்டியவை என்றால் சங்கடம். 1990-களிலும் அதன் பின்னும் தமிழ்நாட்டில் வானவில், ஸ்ரீலிபி, ஈழத்தமிழரிடையே பாமினி என்று ஆளுக்கொரு முறை புழங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் என்று அரசுத் தரங்கள் வந்தன. 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கும். அதில் தட்டிய 'நந்தனம்' டிஸ்க்கில் இ, இ, அரைப்புள்ளி, ஜே, டி, கே, அரைப்புள்ளி என்று ஏழே பைட்டாக இருக்கும். மீட்புக் கருவி அதை வெளியே எடுத்துப் போட்டாலும் உடைந்த ஆங்கிலக் குப்பை என்று நினைத்து நாமே தூக்கி எறிந்துவிடுவோம். பழைய கணினியிலிருந்து மீட்ட கோப்புகளில் அரைப்புள்ளிகள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தால் நிறுத்திப் பாருங்கள், அது தாத்தாவின் கட்டுரையாக இருக்கலாம். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்த ஒதுக்கீட்டுக்காரர் வந்துவிட்டால்? ஒரு கொத்தின் மேல் புதிதாக எழுதியாகிவிட்டால் பழையது போயே போய்விட்டது. 1996-இல் நியூசிலாந்தின் பீட்டர் குட்மன், மேலெழுதிய பிறகும் காந்தத் தடம் எஞ்சலாம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்; 35 முறை மேலெழுதும் வழக்கம் அதிலிருந்து பரவியது. அது அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கு. புதிய டிஸ்க்குகளுக்கு அந்த 35 தேவையில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், ஒரு முறை மேலெழுதினாலே போதும் என்கிறது. மீட்புக்காக ஏங்குபவருக்கு இது கசப்பான செய்தி. கடையில் வெகு சாதாரணமாகச் சொல்லப்படும் 'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்ற சொல்லை நான் அஞ்சுவதும் இதனால்தான். 'குவிக்' ஃபார்மேட் என்றால் புதுப் பதிவேடு திறப்பதோடு சரி, உள்ளடக்கம் பெரும்பாலும் பிழைத்திருக்கும். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மேட் என்பது பிரிவு முழுவதும் பூஜ்யம் எழுதுவது. ஒரே ஒரு டிக் குறியில் இருக்கிறது இந்த வித்தியாசம். கணினியை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, உள்ளே இருப்பது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

இனி புதிய கணினி. எஸ்எஸ்டிக்குள் சுழலும் தட்டு கிடையாது; ஜப்பானில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் இருக்கிறது. அதில் எழுதிய இடத்தின் மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. முதலில் அழித்தாக வேண்டும். அழிப்பதும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத்தான். எழுத வரும் நேரத்தில் அழித்துக்கொண்டிருந்தால் வேகம் விழும். எனவே காலி இடங்களை முன்கூட்டியே அழித்துத் தயாராக வைக்க எஸ்எஸ்டி விரும்புகிறது. எது காலி என்று அதற்குத் தானாகத் தெரியாது. அந்தக் கணக்கு விண்டோஸிடம் இருக்கிறது. அதனால் 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல், கோப்பு ஒன்று அழிக்கப்பட்டால் 'இந்த இடங்கள் இனி வேண்டாம்' என்று எஸ்எஸ்டிக்குச் செய்தி அனுப்பப்படுகிறது. ட்ரிம் என்று அதற்குப் பெயர்.

ட்ரிம் போய்ச் சேர்ந்ததும், பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் அந்த இடத்தைப் படித்தால் பூஜ்யம்தான் வரும். சில்லுக்குள் மின்னூட்டம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். ஆனால் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு அதை வெளியே தராது. பிறகு ஓய்வு நேரத்தில் அது நிஜமாகவே அழித்தும்விடும். ஹார்ட் டிஸ்க்கில் மின்சாரத்தைத் துண்டித்துப் பல நாள் காக்கலாம். இங்கே அந்த அவகாசம் சில நொடிகளில் முடிந்துபோகலாம். ரீசைக்கிள் பின்னை காலி செய்யும் அந்த ஒரு சொடுக்கு பழைய கணினியில் ஒரு குறிப்பு மாற்றம், புதிய கணினியில் அழிவு. விளம்பரத்தில் எதை வேண்டுமானாலும் மீட்போம் என்று சொல்லும் மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் உங்கள் கணினியில் இருப்பது எது என்று பாருங்கள்.

சில இடுக்குகள் எஸ்எஸ்டியிலும் உண்டு. என்டிஎஃப்எஸ் மிகச் சிறிய கோப்புகளுக்குத் தனிக் கொத்து ஒதுக்குவதில்லை; சுமார் 700 பைட்டுக்குள் அடங்குவதை அந்த 1024 பைட் பதிவுக்குள்ளேயே வைத்துவிடும். ட்ரிம் கொத்துகளுக்குத்தான் போகிறது, பதிவுகளுக்குப் போவதில்லை. எனவே நோட்பேடில் எழுதிய நாலு வரித் தமிழ்க் குறிப்பு, ஏறத்தாழ 230 குறிகள் வரை, அதன் பதிவை வேறு கோப்பு எடுத்துக்கொள்ளும்வரை மீட்கக்கூடியதாக இருக்கும். அழித்த படங்களின் சிறு முன்னோட்டங்களை விண்டோஸ் தனியே ஒரு கோப்பில் சேர்த்துவைத்திருக்கும்; தெளிவு குறைவுதான், ஆனால் முகம் தெரியும். வேர்டின் தானியங்கிச் சேமிப்புப் பிரதிகள் வேறொரு கோப்புறையில் இருக்கலாம். கூகுள் டிரைவின் தொட்டி 30 நாள் காத்திருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம் சுருங்கிப்போய் என்றாலும் அத்தையின் போனில் இருக்கும். யூஎஸ்பி வழியாகச் செருகும் பென் டிரைவ், கேமரா கார்டு ஆகியவற்றுக்கு விண்டோஸ் பெரும்பாலும் ட்ரிம் அனுப்புவதில்லை. உள்ளே ஃபிளாஷ்தான் என்றாலும் அங்கே பழைய வழிகள் இன்றும் பலிக்கும்.

எஸ்எஸ்டி வந்துவிட்ட வீட்டில் மீட்பு என்பது அழிவதற்கு முன்பே செய்துவைக்கும் பிரதிதான். அந்தப் பிரதியும் அதே பீரோவில் இருந்தால் போதாது என்பதை அடையாற்றங்கரை அறியும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட, சைதாப்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. கணினியும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாக நனைந்தன. (நனைந்த ஹார்ட் டிஸ்க்கை வெயிலில் காயவைக்கக் கூடாது, மின்சாரம் கொடுக்கவும் கூடாது, காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும், தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஈரம் போகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி மீட்பு நிபுணரிடம் கொடுக்க வேண்டும்.) ஒரு பிரதி வேறொரு ஊரில், அண்ணன் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்க வேண்டும்.

புதிய கணினிகளில் இன்னொரு காரியமும் இன்றே செய்யத்தக்கது. விண்டோஸ் 11 பல கணினிகளில் டிஸ்க் முழுவதையும் பூட்டிவைக்கிறது. திருட்டுப் போனால் நல்லது. ஆனால் மதர்போர்டு பழுதாகி எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் போட்டால், அழியாத கோப்பையும் படிக்க முடியாது. திறவுகோல் 48 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்; அந்தக் கணக்கை கடைக்காரர் தன் வசதிக்காக ஏதோ ஒரு மின்னஞ்சலில் தொடங்கியிருந்தால் அந்த எண்ணும் உங்கள் கைக்கு வராது. கணக்கைத் திறந்து, 48 இலக்கங்களையும் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் உறையில் போட்டுவையுங்கள்.